ஜாடியைக் கவிழ்த்துப் பார்

மைசூருக்கு வருகிறவர்கள் அரண்மனை விளக்குகளைப் பார்க்கிறார்கள்; சாமுண்டி மலை ஏறுகிறார்கள்; மைசூர் பாகு, சந்தன சோப்பு, ஒரு பட்டுப்புடவை என்று மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறுகிறார்கள். ரொம்ப நல்லது. நான் இதே ஊரில் குடியிருந்துகொண்டு பழைய ஊறுகாய் ஜாடிகளைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு இணையான சந்தோஷம் இந்த ஊரில் வேறு இருந்தால் யாராவது எனக்குக் காட்டுங்கள்.

இந்தியக் கம்பெனிகள் செய்த பழைய பீங்கான்தான் என் பித்து. ஜாடி, தட்டு, கோப்பை, ஃபியூஸ் கட்டை, கூரை ஓடு எதுவானாலும் சரி. களிமண்ணாக உள்ளே போய், சூளையில் வெந்து, கம்பெனி முத்திரையோடு வெளியே வந்திருந்தால் போதும், என் கை தன்னால் நீளும். ராஜா வீட்டுச் சாமான் எனக்கு வேண்டாம். ஜகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்தில் அந்தக் காலத்துப் பீங்கானெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று நிற்கிறது. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தொட முடியாது, தட்டிப் பார்க்க முடியாது, முக்கியமாகக் கவிழ்க்க முடியாது. கவிழ்க்க முடியாத பீங்கானை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அடியில்தான் ஐயா எல்லாம் இருக்கிறது! மேலே பார்த்தால் எல்லா ஜாடியும் ஒரே ஜாடி. கவிழ்த்தால் ஒன்று கல்கத்தா என்னும், ஒன்று குவாலியர் என்னும், ஒன்று மோர்பி என்னும், ஒன்று நம்ம ராணிப்பேட்டை என்னும். அமெரிக்காக்காரன் 1890-ல் ஒரு சுங்கச் சட்டம் போட்டான்: எங்கள் நாட்டுக்குள் வரும் சரக்கில் அது எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் உலகம் முழுக்கப் பீங்கானின் அடியில் நாட்டின் பெயர் வழக்கமாக ஏறியது. போருக்குப் பின் ஜப்பான் அமெரிக்கர் கையில் இருந்த 1945-52 காலத்தில் அங்கிருந்து வந்த கோப்பைகள் பலவற்றின் அடியில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்றே அச்சடித்திருக்கும். ஒரு தேசம் தோற்றதை டீ கப்பின் அடியில் எழுதி விற்றிருக்கிறார்கள், பாருங்கள். எந்தச் சரித்திரப் புத்தகத்தைப் படித்தபோதும் எனக்கு இப்படிச் சிலிர்த்ததில்லை.

மற்ற தேசத்துக்காரர்களுக்கு இந்தப் பைத்தியம் எப்போதோ பிடித்துவிட்டது. நியூசிலாந்தில் கிரவுன் லின் என்றொரு கம்பெனி, 1989-ல் மூடிவிட்டார்கள். அதன் தடிமனான டீ கப்புக்கு இன்றைக்கும் அங்கே ஆள் அலைகிறார்கள். பின்லாந்தில் 1873-ல் தொடங்கிய அரேபியா கம்பெனியின் தட்டு ஒன்று பாட்டி வீட்டிலிருந்து வந்தால் அதைச் சொத்துபோலப் பங்கு பிரிக்கிறார்கள். நம் வீட்டில் என்ன நடக்கிறது? பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது, ‘இந்தப் பழைய ஜாடி எதுக்கு, பிளாஸ்டிக் டப்பா போதும்’ என்று காயலான் கடைக்குப் போடுகிறோம். போடுங்கள், போடுங்கள். கடை வாசலில் நான் நிற்கிறேன்.

என் சேகரிப்பில் மகாராணி ஸ்தானம் இங்கே அக்ரஹாரத்து மாமி ஒருவர் வீட்டுப் பரண்மேல் இருந்து இறங்கிய ஊறுகாய் ஜாடிக்கு. தலைமுறை தலைமுறையாக மைசூரில் இருந்தும் வீட்டில் தமிழ் பேசுகிற ஐயங்கார் குடும்பம். நான் ஜாடியைத் திருப்பியதைப் பார்த்து மாமி, “ஏம்ப்பா, ஜாடின்னா எல்லாரும் மூடியைத் திறந்து பார்ப்பா. நீ என்ன கீழே பார்க்கறே?” என்றார். என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன்.

தோள்வரை பாலேட்டு வெள்ளை, தோளுக்கு மேல் கருப்பட்டிப் பழுப்பு. முதலில் முழு ஜாடியையும் வெள்ளை மெருகில் முக்கி எடுத்து, பிறகு தலைகீழாகப் பிடித்துக் கழுத்தை மட்டும் பழுப்பில் தோய்த்திருக்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சுற்றிலும் ஒரு மெல்லிய தேன் நிறக் கோடு. சூளைச் சூட்டில் இரண்டு மெருகும் உருகி ஒன்றுக்குள் ஒன்று இறங்கியதால் வந்தது. எந்தத் தூரிகையாலும் அந்தக் கோட்டைப் போட முடியாது. வாய் விளிம்பில் மெருகு இல்லை, சொரசொரவென்று வெறும் மண்; அங்கேதான் மூடி உட்கார வேண்டும், துணி கட்ட வேண்டும். அடியின் ஓரத்தில் மெருகு படாத முட்டை வடிவத் திட்டுகள் ஒரு பக்கம் மூன்று, எதிர்ப்பக்கம் ஒன்று. விரல்! தலைகீழாகத் தோய்த்தபோது அந்தத் தொழிலாளி பிடித்த இடம். என் விரல்களை அங்கே வைத்துப் பார்த்தேன். அவருக்கு என்னைவிடக் கை சின்னது. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது, ஆனால் அந்த மனிதரின் கையளவு எனக்குத் தெரியும். இதற்குமேல் ஒருவனுக்கு என்ன வேண்டும்?

அந்த ஜாடியில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. ஆசாரமான வீடுகளில் பீங்கான் கோப்பைக்கு ஒரு காலத்தில் உள்ளே இடம் கிடையாது. எலும்புப் பொடி கலந்தது என்று பேச்சு. போன் சைனா விஷயத்தில் அது நிஜமும்கூட. காபி என்றால் பித்தளை டபராவும் டம்ளரும்தான். ஆபீசிலிருந்து யாராவது வந்தால் கொடுக்க இரண்டு கப்பு வாசல் அறை அலமாரியில் தனியாகக் கிடக்கும், சமையலறைப் படி தாண்டாது. ஆனால் அதே களிமண் ஜாதியில் பிறந்த ஊறுகாய் ஜாடி? மடியாகக் குளித்துவிட்டு வந்துதான் தொடலாம் என்கிற அளவுக்கு மரியாதை. காரணம் எளிது. பித்தளையில் உப்பும் புளிப்பும் பட்டால் பச்சையாய்க் களிம்பு ஏறும். இரும்பு துருவேறும். மண்பானை எண்ணெயை உறிஞ்சும். மாவடு ஒரு வருஷம் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் பீங்கானை விட்டால் வழியில்லை. சாஸ்திரம் மாவடுவுக்காக வளைந்து கொடுத்தது. மனிதர்கள் எவ்வளவு இனிமையானவர்கள்!

இரண்டு நிற ஜாடிக்குச் சித்தப்பா முறையில் இன்னொரு வகை உண்டு: உப்பு மெருகு ஜாடி. இது செய்யும் விதம் கேட்டால் மந்திரவாதம் போலிருக்கும். சூளை ஆயிரத்து இருநூறு டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது உள்ளே சாதாரணச் சாப்பாட்டு உப்பை அள்ளி வீசுவார்கள். உப்பு ஆவியாகும், அதிலுள்ள சோடியம் களிமண்ணில் இருக்கும் சிலிக்காவோடு கூடி, ஜாடியின் மேலேயே கண்ணாடியாகப் படியும். முக்குவதும் இல்லை, பூசுவதும் இல்லை. காற்றிலிருந்து மெருகு வந்து உட்காருகிறது! தடவினால் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிப் புள்ளியாகக் கையில் தட்டும். நெருப்பு அதிகம் பட்ட பக்கம் கருப்பாக, மறைவாக நின்ற பக்கம் வெளுப்பாக இருக்கும். சூளையில் அந்த ஜாடி எந்தப் பக்கம் திரும்பி நின்றது என்றுகூடச் சொல்லிவிடலாம். உப்பால் மெருகேறிய ஜாடிக்குள் மறுபடி உப்புப் போட்டு நார்த்தங்காய் ஊறவைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குத் தனியாகச் சிரிப்பு வரும்.

ராணிப்பேட்டை என்றதும் எல்லோரும் தோல் பதனிடுவதைச் சொல்வார்கள். எனக்கு அது பாரி கம்பெனி ஊர். 1906-ல் அங்கே உரத் தொழிற்சாலை வந்தது. சூப்பர் பாஸ்பேட் உரம் செய்யக் கந்தக அமிலம் வேண்டும். அமிலம் என்று வந்துவிட்டால் அதை அடைத்துவைக்கத் தாங்குகிற பாத்திரம் வேண்டும். கெட்டியாகச் சுட்ட ஸ்டோன்வேர் ஜாடி அந்த வேலைக்கென்றே பிறந்தது. ஊறுகாய்க்கும் அமிலத்துக்கும் தேவைப்பட்ட குணம் ஒன்றுதான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. 1952-ல் அதே ராணிப்பேட்டையிலிருந்து பாரிவேர் என்று கழிப்பறைச் சாமான் வந்தது. இதை மட்டும் அக்ரஹாரத்து மாமியிடம் நான் சொல்லவில்லை.

இப்போது கல்கத்தா. இந்தப் பெயரைச் சொல்லும்போதே எனக்குக் குரல் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். காசிம்பஜார் மகாராஜா மணீந்திர சந்திர நந்தியும் இன்னும் சிலரும் சேர்ந்து 1901-ல் கல்கத்தா பாட்டரி ஒர்க்ஸ் என்று ஆரம்பித்தார்கள். ராஜ்மகால் மலைப்பக்கத்துக் களிமண். மண் இருக்கிறது, பணம் இருக்கிறது, வித்தை வேண்டுமே? சத்திய சுந்தர தேவ் என்ற இளைஞர் ஜப்பானுக்குப் போய்ப் பீங்கான் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து சேர்ந்தார். வங்கப் பிரிவினை, சுதேசி இயக்கம், அந்நியத் துணி எரிப்பு எல்லாம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். இங்கே தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டார். அங்கே கல்கத்தாவில் சுதேசிக் கோப்பை விட்டார்கள். 1919-ல் கம்பெனி பெங்கால் பாட்டரீஸ் என்று பெயர் மாறியது. கப்பல் கம்பெனி நொடித்துப்போனது எல்லோருக்கும் தெரியும், பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கோப்பை பல பத்தாண்டுகள் ஓடியது. அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. இது எனக்கு மனத்தாங்கல்தான்.

என்னிடம் இருப்பது பெங்கால் பாட்டரீஸின் ஓட்டல் தட்டு. மெலிந்த நாசூக்கான சரக்கெல்லாம் இல்லை. கையில் எடுத்தால் மணிக்கட்டு இறங்கும் கனம். கீழே போட்டால் தரைதான் பயப்பட வேண்டும். விளிம்பை ஒட்டி ஒரே ஒரு பச்சைக் கோடு. அதை விளக்கருகில் கொண்டுபோய்ச் சுற்றிலும் பார்த்துக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் கோடு தடித்து, பக்கத்திலேயே ஒரு நூல் கீழிறங்கி முடிகிறது. தட்டைச் சக்கரத்தில் சுழலவிட்டுத் தூரிகையை நிறுத்திப் பிடிப்பார்கள். ஒரு முழுச்சுற்று வந்ததும் கையை எடுக்க வேண்டும். இவர் ஒரு கண்ணிமைப்பு தாமதமாக எடுத்திருக்கிறார். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததோ, பக்கத்தில் யாராவது கூப்பிட்டார்களோ! பின்னால் முத்திரை சற்றுச் சாய்ந்து விழுந்திருக்கிறது, பச்சை மசியில். இந்தத் தட்டில்தான் வீட்டில் நான் தினமும் சாப்பிடுவேன் என்று சொன்னபோது ஒரு யுத்தம் நடந்தது. இப்போது அது சுவரில் இருக்கிறது.

இதெல்லாம் முன்னுரை. மைசூர்க்காரன் என்ற முறையில் என் நெஞ்சுக்குள் இருக்கிற பீங்கான் வேறு. அதற்குச் சாப்பாட்டோடு சம்பந்தமே கிடையாது.

1902-ல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்தார்கள். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் போட்ட திட்டம். மனிதர் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர், வேலை முடிவதற்குள் காலமாகிவிட்டார். மின்சாரம் போன இடம் கோலார் தங்கவயல். ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் ஒன்று. 1905-ல் பெங்களூருக்கு விளக்கு வந்தது, 1908-ல் மைசூருக்கு. எல்லாரும் அருவியைப் பாடுவார்கள், விளக்கைப் பாடுவார்கள். நடுவில் இருப்பதை யாரும் பாடுவதில்லை. கம்பியில் ஓடுகிற மின்சாரம் கம்பத்தில் இறங்கி மண்ணுக்குள் போய்விடாமல் நிறுத்துவது எது? பீங்கான். கம்பத்துக்குக் கம்பம், குறுக்குச் சட்டத்தின்மேல் குடை பிடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறதே, அந்த இன்சுலேட்டர். ஒவ்வொரு குடைக்கு அடியிலும் இன்னொரு பாவாடை போல மடிப்பு. மழை பெய்தாலும் உள்மடிப்பு நனையாது, ஈரத்தின் வழியே மின்சாரம் கசியாது. அந்த உருவத்தில் ஓர் அலங்காரம்கூடக் கிடையாது, அத்தனை வளைவும் வேலைக்காக வந்த வளைவு. ஆனாலும் பழுப்பு மெருகில் ஒன்றை மேஜைமேல் வைத்துப் பாருங்கள், கோயில் கலசத்துக்குக் குறைவில்லாத களை.

இவ்வளவு கம்பத்துக்கும் வெளிநாட்டிலிருந்து பீங்கான் வரவழைத்துக் கட்டுப்படியாகுமா? எதையும் நாமே செய்து பார்ப்போம் என்கிற வெறி பிடித்த சமஸ்தானம் இது. சோப்பு செய்தார்கள், பட்டு நெய்தார்கள், இரும்பு உருக்கினார்கள், பல்பு செய்தார்கள். மிர்ஸா இஸ்மாயில் திவானாக இருந்த 1930-களில் பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்துக்குப் பக்கத்திலேயே, அரசுப் பீங்கான் தொழிற்சாலை வந்தது. பிற்பாடு ஜப்பானின் என்.ஜி.கே. கம்பெனியோடு தொழில்நுட்பக் கூட்டு, மைசூர் போர்சலைன்ஸ் என்ற பெயர், 1976-ல் பி.எச்.இ.எல். (பெல்) நிறுவனத்தின் கைக்கு மாற்றம். சாம்ராஜ்யங்கள் போயின, சமஸ்தானம் போயிற்று. இன்சுலேட்டர் மட்டும் கம்பத்தில் நின்றது. சமஸ்தானம் செய்ததிலேயே யாரும் கொண்டாடாத அற்புதம் இதுதான் என்பேன். சந்தன சோப்பு கரைந்துவிடும், சார். பீங்கான் கரையாது.

கம்பத்து இன்சுலேட்டரைத் தேடிப் போக வேண்டாம். அது மின்வாரியச் சொத்து, கழற்றினால் போலீஸ் வரும். வீட்டுக்குள் பாருங்கள். மைசூரின் பழைய பேட்டைகளில், லஷ்கர் மொகல்லா, மண்டி மொகல்லா, சாமராஜபுரம், நஜர்பாத் என்று, ஓட்டு வீடுகளில் இன்னமும் பழைய வயரிங் தென்படும். சுவரில் தேக்குப் பட்டை, அதற்குள் வயர். இல்லாவிட்டால் வெள்ளைப் பீங்கான் கிளீட்டுக்குள் இரண்டு வயர் இணையாக ஓடும். துணி சுற்றிய வயர். மெயின் போர்டில் வரிசையாகக் கிட்கேட் ஃபியூஸ். நம்மில் பலருக்கும் அது வெறும் ஃபியூஸ் கட்டை. ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பேசலாம்.

என்னிடம் இருக்கிற கட்டையைச் சொல்கிறேன். சோப்புக் கட்டியில் பாதி அளவு. பிடித்து இழுக்க வசதியாக இரண்டு பக்கமும் விரல் பதியும் பள்ளம், அந்தப் பள்ளத்தில் மட்டும் மெருகு மங்கியிருக்கிறது. மறுபக்கம் இரண்டு பித்தளைக் கத்திகள், இரண்டு ஸ்க்ரூ, நடுவில் ஃபியூஸ் கம்பி படுத்திருக்கும் வாய்க்கால். அந்த வாய்க்காலில்தான் கதை. ஒவ்வொரு தடவை ஃபியூஸ் போனபோதும் செப்புக் கம்பி உருகிச் சிதறிய கரி, அதன் ஓரத்தில் லேசான பச்சைப் பூச்சு, அதன்மேல் இன்னொரு கரி. வரி வரியாக இருக்கிறது. எத்தனை மழைக்கால ராத்திரி! வீட்டுத் தலைவர் ஸ்டூல்மேல் ஏறி நிற்க, அம்மா கையில் அரிக்கேன், பிள்ளைகள் கீழிருந்து ‘அப்பா ஜாக்கிரதை’ என்று கத்த, பழைய வயரிலிருந்து ஓர் இழை உருவி இதில் சுற்றியிருப்பார். சரியான அளவுக் கம்பியைப் போட்டவர்கள் கோடியில் ஒருவர்தான். அத்தனை நெருப்பு பட்டும் பீங்கானில் கீறல் இல்லை. பூ இல்லை, தங்கக்கோடு இல்லை, ராஜமுத்திரை இல்லை. இதைவிட நேர்மையான பீங்கான் சாமான் உலகத்தில் எந்தத் தேசமும் செய்ததில்லை என்று சத்தியம் செய்வேன்.

என் மனைவி இதை வேறு மாதிரி பார்க்கிறாள். “ஏங்க, இந்த வீட்ல கரண்ட் இருக்கோ இல்லையோ, ஃபியூஸுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.”

ஓடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. மங்களூரில் பாசல் மிஷன் பாதிரிமார்கள் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் நேத்ராவதி ஆற்றுக் களிமண்ணைப் பார்த்துவிட்டு ஆரம்பித்த வேலை. மூன்று வருஷத்தில் ஆல்புகெர்க் போன்ற உள்ளூர்க்காரர்களும் இறங்கினார்கள். மைசூர்க் கூரைகளில் பாதி அந்தக் கரையிலிருந்து வந்ததுதான். பழைய ஓட்டைத் திருப்பினால் கம்பெனிப் பெயர் பெரிய எழுத்தில் புடைத்து நிற்கும், சிலவற்றில் 1865 என்ற எண்ணோடு. அந்த எண்ணைக் காட்டி ‘நூற்றைம்பது வருஷத்து ஓடு சார்’ என்று விலை சொல்வார்கள். நம்பாதீர்கள், அது கம்பெனி பிறந்த வருஷம், ஓடு பிறந்த வருஷம் இல்லை. அரண்மனைக் கல்யாண மண்டபத்தில் மயில் போட்ட ஓடுகள் இங்கிலாந்திலிருந்து வந்தவை, கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் ராஜா தரைக்குக் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது, குடிமகனின் கூரைக்குப் பக்கத்துக் கடற்கரையே போதுமாக இருந்தது.

தமிழ்நாட்டுப் பக்கம் போனால் நேரே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருதான். பழைய சாமான் கடைகள் இரண்டு பக்கமும். பர்மா, மலேயா, ஐரோப்பா என்று செட்டிநாட்டு வீடுகளுக்குள் போனதெல்லாம் அந்தத் தெரு வழியாக வெளியே வருகிறது. எனாமல் கேரியர், ஜப்பானியப் பூ ஓடு, கண்ணாடிக் குடுவை. கண்ணைப் பறிக்கும். ஆனால் ரிசார்ட் கட்டுகிறவர்கள் வந்து வந்து விலையை ஏற்றிவிட்டார்கள். சுதேசிக் கம்பெனிச் சரக்குக்கு அங்கே இன்னும் மதிப்பு வரவில்லை. பின்வரிசையில் தூசியோடு கிடக்கும். அங்கே உட்கார்ந்து தோண்டுவதுதான் என் ஸ்டைல். முன்வரிசையில் பேரம் பேசிக் களைத்தவர்கள் போன பிறகு, பின்வரிசை ஜாடிக்குக் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தே விற்பார். வேலூர்ப் பக்கத்துக் கரிகிரி மண்பாண்டம், பச்சை மெருகில், எப்போதாவது தலைகாட்டும். 1850-ல் அலெக்ஸாண்டர் ஹன்டர் தொடங்கிய மதராஸ் கலைப்பள்ளியில் பானை வனைவதும் பாடமாக இருந்தது. அந்தக் காலத்துச் சரக்கு ஒன்று கையில் சிக்கினால் நான் அன்றைக்குச் சாப்பிட மாட்டேன், பசிக்காது.

ஆசை வந்துவிட்டதா? வந்திருக்கும். வாங்கும்போது இதைச் செய்யுங்கள். தூக்கி, விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல பீங்கான் கணீரென்று பேசும். விரிசல் இருந்தால் டப்பென்று ஊமையாகும். மெல்லிய பீங்கானானால் டார்ச்சை உள்ளே விட்டு வெளியே பாருங்கள், ஒட்டுப்போட்ட இடம் காட்டிக்கொடுக்கும். நகத்தால் விளிம்பைக் கீறுங்கள். பெயின்ட் அடித்து மறைத்த சில்லு மெத்தென்றிருக்கும், மெருகில் நகம் வழுக்கும். வீட்டுக்கு வந்ததும் ஜாடியில் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள்மேல் ஒரு ராத்திரி வையுங்கள். மெருகில் மயிரிழைக் கீறல்கள் வலைபோல ஓடியிருந்தால் பார்வைக்கு அழகு, ஊறுகாய்க்கு ஆகாது. எண்ணெய் உள்ளே இறங்கி நாறும். பழைய வண்ண மெருகுகளில் ஈயம் இருக்கலாம், அதனால் புளிப்புச் சாமான் எதையும் அவற்றில் வைக்காதீர்கள், அலமாரியில் வைத்து ரசியுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பியைக் கிட்டத்தில் கொண்டுபோகாதீர்கள். சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, பொறுமையாகத் தேய்த்தால் எந்தக் கறையும் அசையும். பளபளப்பும் கனமின்மையும் ஒன்றாக இருந்தால் அது போன மாதம் குர்ஜாவிலிருந்து வந்தது. அதுவும் நல்ல ஜாடிதான், பேரன் காலத்தில் பழசாகும், வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, முத்திரை இல்லாத சாமானை ஒதுக்காதீர்கள். எழுத்துத் தேய்ந்திருக்கும், இல்லை அவசரத்தில் விழாமல் போயிருக்கும். கால் வளையத்தின் மண்நிறம், சூளையில் தாங்கிய முக்காலியின் மூன்று புள்ளித் தழும்பு, மெருகு முடியும் விதம் இவற்றை ஊர் தெரிந்த ஜாடியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்க, ஜாடை பிடிபட ஆரம்பிக்கும். அப்போது வருகிற குஷி இருக்கிறதே! கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து, ‘நீங்க மன்னார்குடிப் பக்கமா?’ என்று கேட்டு அவர் ஆமாம் என்று சொன்னால் வருமே, அது.

மண்டி மொகல்லாவில் எனக்கு ஒரு பழைய சாமான் கடை பாய் இருக்கிறார். ஆரம்பத்தில் இரும்பும் பேப்பரும்தான் அவருக்குக் கணக்கு. பீங்கானை உடைத்துக் குப்பையில் போடுவார். இப்போது அவரும் கெட்டுப்போனார். எது வந்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் எடைத்தட்டில் வைக்கிறார். நேற்று ராத்திரி போன் செய்தார், பாதி கன்னடம், பாதி தமிழ்:

“சார், நம்ம சாமராஜபுரத்துல ஒரு பழைய மனை இடிக்கறாங்க. மெயின் போர்டு முழுசா இருக்கு, ஒன்பது கட்டை, மேல மூணு ரவுண்ட் சுவிட்ச். தேக்குப் பலகையை மேஸ்திரி கேக்கறான். உங்களுக்குப் பீங்கான் மட்டும் போதுமா?”

“பலகையோட வேணும் பாய். ஒரு ஸ்க்ரூகூட கழட்டக் கூடாதுன்னு சொல்லுங்க.”

“சொல்லிட்டேன் சார். ஒரு ஜாடியும் இருக்கு, பெருசு. உள்ள சுண்ணாம்பு அடைச்சிருக்கு. கீழ என்னமோ எழுதியிருக்கு, எனக்குப் படிக்கத் தெரியல. வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்பறேன்.”

போட்டோ வந்தது. இங்கிலீஷில் மூன்று எழுத்துதான் தெரிகிறது: ஆர், ஏ, என். அதற்குப் பிறகு சுண்ணாம்பு. ராணிப்பேட்டையாகவும் இருக்கலாம், ராணிகஞ்சாகவும் இருக்கலாம். காலையில் கடை திறக்க ஒன்பது மணி ஆகும். நான் எட்டுக்கே போய் நிற்கிறேன், கையில் வினிகர் பாட்டிலோடு.